தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும் பைக்: ஈரத்தையும் வியர்ப்பையும் தடுப்பது எப்படி?

நானுஓயாக்காரன்:

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் நான் கொழும்பு வேலைக்குத் திரும்பிவிடுவேன். இனித் தீபாவளிக்குத்தான் வீட்டுக்கு வர முடியும். அதுவரை என் 125 சிசி பைக் வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் நிற்க வேண்டும். கொட்டகை பத்தடிக்கு எட்டடி அளவுடையது. சுவரும் கூரையும் தகரம், தரை சீமெந்து, ஒரே ஒரு கதவு, ஜன்னல் கிடையாது. கூரையில் ஒழுக்கு எதுவும் இல்லை. ஆணித் துளைகளைக்கூடத் தார் வைத்து அடைத்திருக்கிறோம். இருந்தும் விடியற்காலையில் கதவைத் திறந்தால் தகரத்தின் உட்புறமெல்லாம் வியர்த்து, துளிகள் பைக்கின் மீது சொட்டிக்கொண்டிருக்கின்றன. சென்ற ஆண்டு தறப்பாளால் (தார்ப்பாயால்) இறுக்கமாக மூடிக் கயிறு கட்டி வைத்திருந்தோம். அப்படியும் இருக்கையில் பூஞ்சணம் பிடித்து, ஸ்போக் கம்பிகளில் துரு ஏறி, என்ஜினின் அலுமினியப் பகுதிகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது.

வீட்டில் அம்மா மட்டுமே இருப்பார். கதவைத் திறந்து மூடச் சொல்லலாம், வண்டியை நகர்த்தச் சொல்ல முடியாது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய பைக்கின் விலை எங்கே போய் நின்றது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனவே இந்த வண்டியைக் காப்பாற்றியாக வேண்டும். கொட்டகையைக் காற்றுப் புகாமல் அடைப்பதா, இல்லை ஓட்டை போட்டுக் காற்றோட்டம் கொடுப்பதா என்பதில் எனக்குத் தெளிவு இல்லை.

அட்டன் கராஜ்:

தம்பி, முதலில் அந்தத் தறப்பாளை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தறப்பாள் மேலிருந்து சொட்டும் நீரைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் தரையிலிருந்து எழும் ஈரத்தையும், மூடும்போது வண்டியில் ஒட்டியிருந்த ஈரத்தையும் அது உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலம் முடிந்து எங்களிடம் வரும் வண்டிகளில், திறந்த இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) சாரல் பட நின்றவற்றைவிடத் தறப்பாளுக்குள் கட்டி வைத்தவை மோசமாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடைப்பதா திறப்பதா என்று முடிவெடுப்பதற்கு முன், நீர் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒழுக்கு இல்லை என்றால் தரை ஒரு வழி, காற்று மற்றொரு வழி. தரையைச் சோதிப்பது சுலபம். ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டைச் சீமெந்தின் மீது விரித்து, நான்கு விளிம்பையும் நாடாவால் ஒட்டி, ஓர் இரவும் மறுநாள் காலையுமாகக் குறைந்தது 16 மணித்தியாலம் விட்டுவிடுங்கள். பொலித்தீனுக்கு அடியில் நீர் பூத்திருந்தாலோ சீமெந்து கறுத்திருந்தாலோ தரை ஈரம் கக்குகிறது. மேற்பரப்பில் மட்டும் ஈரம் இருந்தால் அது காற்றிலிருந்து வந்தது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும்.

பழைய டீமேக்கர்:

கராஜ்காரர் சொன்ன ஒழுங்கு சரியானது. காற்று வழியாக வரும் நீரைப் பற்றி நான் சற்று விரிவாக எழுதுகிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவனுக்கு இது அன்றாடக் கணக்கு.

20 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் 9 கிராம் சொச்சத்தை மட்டுமே தாங்கும். பிற்பகலில் 20 பாகையும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்று கொட்டகைக்குள் புகுந்தால், அதில் 14 கிராம் அளவு நீர் இருக்கிறது. அந்தக் காற்று ஏறத்தாழ 16 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீராகப் படியும். தெளிந்த வானமுள்ள இரவில் தகரம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. ஆகவேதான் ஓட்டையே இல்லாத கூரையும் உள்ளே சொட்டுகிறது.

வண்டியின் கதை இதற்கு நேர்மாறான நேரத்தில் நடக்கிறது. என்ஜினும் செசியும் (வண்டியின் உடற்சட்டமும்) கனமான உலோகம். இரவெல்லாம் குளிர்ந்தவை காலை ஒன்பது, பத்து மணிக்கும் குளிராகவே இருக்கும். வெயில் வந்ததும் புல்லிலும் தேயிலையிலும் உள்ள பனி ஆவியாகி வெளிக்காற்றில் ஈரம் ஏறுகிறது. அந்த நேரத்தில் ‘நல்ல வெயில், காற்றுப் படட்டும்’ என்று கதவை விரியத் திறந்தால், அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த டாங்கியிலும், முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் (fork) குழாயிலும் வந்து படியும். கதவைத் திறப்பதானால் உலோகமும் சூடேறிய பிறகு, நண்பகலைத் தாண்டித் திறப்பதே நல்லது. தம்பியின் அம்மாவிடம் சொல்ல வேண்டிய முதல் விடயம் இதுதான்.

அளந்து பார்க்க விரும்பினால், ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி இரண்டையும் விசிறிக் காற்றில் வைத்துப் படியுங்கள். தொழிற்சாலையில் தேயிலைக் கொழுந்தை வாட்டும் தட்டில் நாங்கள் ஓயாமல் பார்த்த ஈரக் குமிழ், உலர் குமிழ் வித்தியாசம் இதுவே. உலர் குமிழ் 15 பாகை காட்டும்போது வித்தியாசம் இரண்டு பாகை என்றால் ஈரப்பதன் சுமார் 80 சதவீதம். நான்கு பாகை என்றால் 60ஐச் சற்றுத் தாண்டியிருக்கும். இரும்பு துருப்பிடிப்பது 60 சதவீதத்துக்கு மேல் வேகமெடுக்கும். 70ஐத் தாண்டினால் பூஞ்சணத்துக்கும் கொண்டாட்டம்தான்.

பண்டாரவளைவாசி:

இவ்வளவு பாடுபடுவதைவிட, வண்டியை முழுவதுமாக ஒரு ஜிப் வைத்த பொலித்தீன் உறைக்குள் இறக்கி, உள்ளே சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு மூடிவிடலாம் என்பது என் கருத்து. வெளிநாடுகளில் பழைய கார்களை இப்படித்தான் வைக்கிறார்கள். நானும் என் பைக்கை அப்படி வைத்து எடுத்திருக்கிறேன். ஒரு புள்ளி துரு இல்லை. காற்றோட்டம் என்ற பெயரில் மூடுபனியைக் கொட்டகைக்குள் விருந்துக்கு அழைப்பானேன்?

பழைய டீமேக்கர்:

உங்கள் ஊருக்கு அது பொருந்தும் காரணம் வேறு. நானுஓயா, தலவாக்கலை, அட்டன் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதே மாதங்களில் மலையைத் தாண்டி உங்கள் ஊவாப் பக்கம் இறங்கும் காற்று தன் நீரை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு உலர்ந்து வீசுகிறது. ஜூலையில் பண்டாரவளையில் துருப்பிடிக்காமல் வைத்திருப்பது பெரிய சாதனை ஆகாது. டிசெம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவமழை உங்கள் பக்கம் திரும்பும்போது அதே உறையைச் சோதித்துப் பாருங்கள்.

கணக்கையும் சொல்கிறேன். உறைக்குள் இரண்டு கன மீற்றர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 15 பாகையிலும் 90 சதவீதத்திலும் உள்ள அந்தக் காற்றை 50 சதவீதத்துக்கு இறக்க 10 கிராம் நீரை உறிஞ்சினால் போதும். ஒரு கிலோ சிலிக்கா ஜெல் அந்த ஈரப்பதனில் தன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீரைப் பிடித்து வைக்கும். அதாவது உறை உண்மையிலேயே காற்றுப் புகாததாக இருந்தால் ஒரு கிலோ தாராளம். ஆனால் ஜிப் வழியாக நாளொன்றுக்கு ஒரு தடவை காற்று மாறினாலே ஒரு மாதத்துக்குள் ஜெல் நிரம்பிவிடும். அதன் பிறகு அது வெறும் மணிகள் நிறைந்த பை. அதை எடுத்து 120 பாகை அளவில் சூடாக்கி மறுபடி உலர்த்திப் போட வீட்டில் ஆள் வேண்டும். தம்பியின் வீட்டில் அது நடக்காது.

இன்னொன்று: கடையில் டப்பாவில் விற்கும் ஈர உறிஞ்சிகளில் பெரும்பாலானவை கல்சியம் குளோரைட்டு. அது நீரை உறிஞ்சி உப்புக் கரைசலாகக் கீழே தேங்கும். எலி தட்டிவிட்டு அந்தக் கரைசல் செயினில் பட்டால், துருவுக்கு நாமே விதை தூவியது போலாகும்.

மஸ்கெலியா வாசகி:

கொட்டகை உள்ளவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பைக் நிற்பது இஸ்தோப்பில்; பக்கத்திலேயே சமையல், மழை நாளில் துணி காய்வதும் அங்கேதான். சிலர் இரவில் ஒரு சட்டியில் கரி நெருப்பு வைத்தால் ஈரம் போய்விடும் என்கிறார்கள். வேறு சிலர் மண்ணெண்ணெய் அடுப்பைக் கொஞ்ச நேரம் எரியவிடச் சொல்கிறார்கள். இதில் ஏதாவது பயன் உண்டா, ஐயா?

பழைய டீமேக்கர்:

இரண்டையும் செய்ய வேண்டாம், பிள்ளை. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லீற்றருக்குச் சற்று அதிகமான நீர் ஆவியாக வெளிவரும். காஸ் அடுப்பும் அப்படியே. ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேற்பட்ட நீர். அடுப்பு எரியும்போது இடம் சூடாகி உலர்ந்ததுபோல் தோன்றும். அணைத்த பிறகு அந்த நீர் முழுவதும் குளிர்ந்த உலோகத்தைத் தேடிப் போகும். கரி நெருப்பில் நீர் அவ்வளவு இராது, ஆனால் அடைத்த காம்பராவில் அதன் கார்பன் மொனொக்சைட்டு ஆளைக் கொல்லும். பெற்றோல் ஆவியும் அருகில் இருக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

உங்களுக்கு உள்ள நல்ல வசதி, இஸ்தோப்பு ஒரு பக்கம் திறந்திருப்பது. சாரல் வரும் பக்கத்தில் மட்டும் தகரமோ பலகையோ வைத்து மறைத்து, வண்டியைப் பழைய பருத்திப் போர்வையால் மூடி, துணி காயும் கொடியை மறுகோடிக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வெலிமடை மரக்கறித் தோட்டம்:

ஒருவரும் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்கிறேன். அந்தக் கொட்டகைக்குள் பைக்கைத் தவிர வேறு என்ன இருக்கிறது? எங்கள் பக்கத்தில் கொட்டகை என்றாலே உரமூட்டை, கோழி எரு, மருந்து தெளிக்கும் தாங்கி எல்லாம் ஒன்றாகத்தான் கிடக்கும். யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கசியும் பொருட்கள். அந்தத் தூசி உலோகத்தில் படிந்தால் ஈரப்பதன் சற்றுக் குறைவாக உள்ள நாளிலும் அந்த இடம் நனைந்தே இருக்கும். கோழி எருவிலிருந்து வரும் அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். வயர் இணைப்புகள் பச்சை பூத்து, ஹோர்னும் சிக்னலும் வேலை செய்யாமல் போகும். மெக்கானிக்கும் பற்றரியைக் குறை சொல்வார்.

நானுஓயாக்காரன்:

வெலிமடை அண்ணா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். கொட்டகையின் ஒரு மூலையில் இரண்டு உரமூட்டைகளும், பின்சுவர் நெடுகக் கவ்வாத்து மிலாறும் (வெட்டிய தேயிலைச் செடிக் குச்சிகளும்) யூகலிப்டஸ் விறகும் அடுக்கியிருக்கின்றன. விறகு பச்சையாக வந்தது. மழைக்கு முன்னால் காயட்டும் என்று அம்மா உள்ளே அடுக்கியிருக்கிறார்.

கராஜ் அண்ணா சொன்னபடி பொலித்தீன் ஒட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் நன்றாக நனைந்து, சீமெந்து கறுத்திருந்தது. மேலே கூரைக்கு நேராக உள்ள இடங்களில் சொட்டிய துளிகள் தனியாகத் தெரிந்தன. ஆக, இரண்டு வழியும் உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

பழைய டீமேக்கர்:

அதோடு விறகு மூன்றாவது வழி. பாதி எடை நீராக உள்ள பச்சை விறகு நூறு கிலோவை எடுத்துக்கொண்டால், அது எரிக்கத்தக்க அளவுக்குக் காய்வதற்குள் 37 கிலோ அளவில் நீரை வெளியே விடும். ஜன்னலில்லாத கொட்டகையில் அந்த நீர் முழுவதும் போகும் இடம் கூரைத் தகரமும் உங்கள் பைக்கும்தான். விறகை வெளியே எடுத்து, கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கி அதன் கீழ் அடுக்குங்கள். ஒரு ரூபாய்க்குப் பொருள் வாங்குவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

காற்றோட்டம் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். காற்றோட்டம் உள்ளே சேர்ந்த உபரி நீரை வெளியே கொண்டுபோகும். வெளிக்காற்றைவிட உலர்ந்த காற்றை அதனால் தர முடியாது. ஜூன், ஜூலையில் நாள் முழுவதும் மூடுபனியும் தூறலுமாக இருக்கும்போது வெளியே 90 சதவீதம் என்றால் உள்ளேயும் அதுவே. அதைக் குறைக்க ஒரே வழி சற்றுச் சூடாக்குவது: 15 பாகை, 90 சதவீதக் காற்றை 18 பாகைக்கு ஏற்றினால் ஈரப்பதன் 74க்கு இறங்கும். தொழிற்சாலையில் மழை நாட்களில் வாட்டும் தட்டுக்குச் சூடான காற்றைக் கலந்து அனுப்புவது இதே காரணத்துக்காகத்தான்.

பண்டாரவளைவாசி:

அப்படியானால் 40 வாற்று மஞ்சள் பல்ப் ஒன்றை எரியவிடலாமே? எங்கள் பாட்டி காலத்தில் அலுமாரிக்குள் பல்ப் எரியவிட்டுத்தான் பட்டுச்சேலையைக் காத்தார்கள்.

பழைய டீமேக்கர்:

அலுமாரி சிறியது, மரத்தாலானது. தம்பியின் கொட்டகையில் சுவரும் கூரையுமாக முப்பது சதுர மீற்றர் வெறும் தகரம் இருக்கிறது. அதை மூன்று பாகை சூடேற்றி வைக்க 500 வாற்று அளவில் வேண்டியிருக்கும். 40 வாற்று பல்ப் போர்வைக்குள் இருந்தால் மட்டுமே ஏதாவது செய்யும். ஆனால் பெற்றோல் டாங்கிக்குப் பக்கத்தில், துணிக்குள், ஆள் பார்க்காத இடத்தில், மாதக்கணக்கில் எரியும் சூடான பல்பை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். செலவும் உண்டு: நாளுக்கு ஏறத்தாழ ஓர் அலகு, மாதத்துக்கு 29 அலகு. நம் மின்கட்டணம் 30, 60, 90 என்று படிப்படியாக ஏறுவதால், அந்த 29 அலகு வீட்டுப் பட்டியல் முழுவதையும் மேல்படிக்குத் தள்ளிவிடக்கூடும்.

அட்டன் கராஜ்:

நான் ஐயாவின் பக்கம். கொட்டகையைத் திருத்துவதற்கு என் யோசனை இது. கூரைத் தகரத்தின் உட்புறத்தில், ஒரு பக்கம் அலுமினியம் பூசிய நுரை விரிப்பை இடைவெளி விடாமல் பொருத்துங்கள். உள்ளே இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்த தகரத்தைத் தொடாதவரை சொட்டு இல்லை. சிலர் ரெஜிபோம் (பொதி கட்டும் வெண்ணுரைப் பலகை) வெட்டிச் செருகுவார்கள். அது சுலபமாகத் தீப்பிடிக்கும், எலியும் குடையும், தகரத்தின் அலைவுகளுக்கு ஒட்டிக்கொள்ளாமல் இடைவெளியும் விடும். கூரை அஸ்பெஸ்டஸாக இருப்பவர்கள் அதைத் துளைக்கவோ அறுக்கவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. கூரையின் மரச்சட்டத்தில்தான் விரிப்பைக் கட்ட வேண்டும்.

தரைக்கு 1000 கேஜ் பொலித்தீனை, அதாவது கால் மில்லிமீற்றர் தடிப்புள்ளதை, சுவரோரம் கொஞ்சம் மேலே ஏறும்படி விரியுங்கள். அதன் மேல் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்துப் பலகை அடுக்கி, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

காற்று வழிக்கு, மழையடிக்காத கிழக்குப் பக்கத்தில் தரைக்குச் சற்று மேலே அடி நீளத்தில் இரண்டு திறப்புகள். முகட்டுக்கு அருகில், சாரல் புகாதபடி மேல்மூடி வைத்த இரண்டு திறப்புகள். எல்லாவற்றுக்கும் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை. வலை போடாவிட்டால் துருவுக்குப் பதிலாக எலி வந்து வயரை அறுத்து வைக்கும்; இரண்டில் எது செலவு கூடியது என்று என்னிடம் கேட்க வேண்டாம்.

வெலிமடை மரக்கறித் தோட்டம்:

கொட்டகை சரி. வாரம் ஒருமுறை யாரையாவது கூப்பிட்டு ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து விட்டால் என்ஜினும் பற்றரியும் உயிரோடு இருக்கும் அல்லவா? பக்கத்து வீட்டுப் பையன்கள் யாராவது மகிழ்ச்சியோடு செய்து கொடுப்பார்கள்.

அட்டன் கராஜ்:

மகிழ்ச்சியோடு செய்வார்கள், அதுதான் என் பயமும். ஆனால் அவர்கள் எவ்வளவு ஒழுங்கான பையன்களாக இருந்தாலும் இது வேண்டாம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தாலும் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாகிறது. நீண்ட ஓட்டத்தில் சைலன்சர் கொதித்து அந்த ஆவியை வெளியே தள்ளிவிடும். ஐந்து நிமிட ஓட்டத்தில் சைலன்சரும் என்ஜினின் அடிப்பகுதியும் சூடேறாததால் நீர் உள்ளேயே தங்கி, எண்ணெயோடு கலந்து வெண்ணிறக் கூழாகும். சைலன்சரும் உள்ளிருந்து அரிக்கும். ஸ்டார்ட் செய்வதில் செலவாகும் மின்சாரத்தைக்கூட அந்த ஐந்து நிமிடம் பற்றரிக்குத் திருப்பித் தராது. ஒன்று, அரை மணித்தியாலமாவது வீதியில் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் தொடவே கூடாது.

வைப்பதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெயில் நாளில் வண்டியைக் கழுவி, ஒரு நல்ல ஓட்டம் ஓட்டி உலர்த்திவிட்டு, என்ஜின் எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே மாற்றுங்கள். பழைய எண்ணெயில் அமிலத் தன்மை இருக்கும். அதே காரணத்தால், பழைய எண்ணெயைத் துணியில் நனைத்து வண்டி முழுவதும் பூசும் வழக்கமும் நல்லதல்ல. டாங்கியைக் கழுத்துக்குச் சற்றுக் கீழ்வரை நிரப்புங்கள். 2022இல் வாரம் நான்கு லீற்றர் என்று பங்கிட்ட காலத்தில் காலி டாங்கியோடு நின்ற வண்டிகள் எத்தனை உட்புறம் துருவேறி வந்தன என்பதை எந்த மெக்கானிக்கும் சொல்வார். டாங்கிக்குள் காலியிடம் இருந்தால் அங்கேயும் காற்று வியர்க்கும். டாங்கிக் குழாயை மூடி, காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் உள்ள பெற்றோலைத் திருகாணி வழியாக வடித்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி புதிய எண்ணெயை ஊற்றி, சாவி போடாமல் மெதுவாகக் கிக்கரை மிதியுங்கள்.

செயினுக்குக் கிறீஸ், போர்க் குழாய்க்கும் ஸ்போக்குக்கும் மெல்லிய வாஸ்லின் பூச்சு. பிரேக் டிஸ்க், டிரம், டயர் இவற்றில் எண்ணெய் ஒரு துளியும் படக் கூடாது. சைலன்சர் வாயில் எண்ணெய்த் துணியைச் செருகி, மறக்காமலிருக்கச் சிவப்பு ரிபன் ஒன்றை ஹேண்டிலில் கட்டுங்கள். பற்றரியையும் இருக்கையையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். கொட்டகையில் எவ்வளவு பாடுபட்டாலும் வீட்டுக்குள் உள்ள உலர்வு கிடைக்காது. கடைசியாக ஒரு பருத்திப் போர்வை, அவ்வளவுதான்.

மஸ்கெலியா வாசகி:

டாங்கி நிறையப் பெற்றோலை வைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் விறகடுப்பு மூட்டுவது பயமில்லையா, அண்ணா?

அட்டன் கராஜ்:

நியாயமான கேள்வி, தங்கச்சி. நிறைந்த டாங்கியில் ஆவி இருக்கும் இடம் குறைவு. மூடி இறுக்கமாகவும் குழாய் ஒழுகாமலும் இருந்தால் பயம் குறைவுதான். ஆனாலும் அடுப்பும் வண்டியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இஸ்தோப்பில் நான் நிரப்பச் சொல்ல மாட்டேன். அங்கே பெற்றோலை முழுவதும் வடித்து, கொஞ்சம் எண்ணெயை டாங்கிக்குள் ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி ஆட்டிவிட்டு மூடுங்கள். திரும்ப எடுக்கும்போது கழுவ வேண்டியிருக்கும்.

நானுஓயாக்காரன்:

விறகையும் உரத்தையும் வெளியே எடுத்தாகிவிட்டது. நுரை விரிப்பும் பொலித்தீனும் நுவரெலியாவில் வாங்கிக்கொள்கிறேன். நண்பகலுக்குப் பிறகு, மழையில்லாத நாளில் மட்டும் கதவைத் திறக்குமாறு அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்கு வந்ததும் நேராகக் கிக்கரை மிதித்துவிடலாமா?

அட்டன் கராஜ்:

சைலன்சர் துணியை எடுத்த பிறகு மிதியுங்கள். அதற்கு முன் காபரேற்றர் கிண்ணத்தை மறுபடி ஒருமுறை வடித்து, அடியில் நீர் இருக்கிறதா என்று கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். நீர் இருந்தால் பெற்றோலுக்குக் கீழே தனியாகத் தெரியும். டயரில் காற்று அடித்து, செயினைத் துடைத்து, டிரம் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். டிஸ்க் பிரேக்கின் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். இரண்டு ஆண்டுக்கு மேலாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். முற்றத்தில் நான்கைந்து தடவை பிரேக்கைப் பிடித்துப் பார்க்காமல் ரதல்ல மலைவீதி இறக்கத்தில் மட்டும் இறங்கிவிட வேண்டாம்.